கே.பி.எச். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது

சிற்றலை ரேடியோவோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் மறந்திருக்காது. ராத்திரி பி.பி.சி. தமிழோசை கேட்கலாம் என்று முள்ளை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், இரண்டு நிலையங்களுக்கு நடுவில் கிடக்கும் இரைச்சலில், யாரோ விட்டு விட்டு விசிலடிப்பது மாதிரி ஒன்று வரும். சில நேரம் விசில்கூட இருக்காது, இரைச்சலையே யாரோ கையால் அமுக்கி அமுக்கி விடுவது போலிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தந்தி. "தந்தி வருது, தள்ளிப் போ" என்பார் அப்பா. அந்தக் காலத்தில் ஊரில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான், தபால்காரர் தந்தியோடு தெருமுனையில் திரும்பும்போதே ஒப்பாரி ஆரம்பித்துவிடும். ராத்திரி பூரா ரேடியோவில் இவ்வளவு தந்தி போகிறதே, இத்தனை பேரா சாகிறார்கள் என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறேன்.

அதில் பெரும்பங்கு கப்பல்களும் கரையும் பேசிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. (அப்படிப் பேசிய கரை நிலையங்களில் ஒன்றுதான் கலிஃபோர்னியாவின் கே.பி.எச்., கதை கடைசியில் அங்கேதான் போகும்.) ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர், உரிமத்துக்காக நிமிடத்துக்கு 5 வார்த்தை என்ற ஆமை வேகத்தில் மோர்ஸ் (குட்டை ஒலி 'டிட்', நீண்ட ஒலி 'டா' இரண்டையும் வைத்தே எழுத்துகளைச் சொல்லும் தந்திக் குறியீடு) படித்துத் தேர்வெழுதிய பிறகுதான் அந்த விசிலுக்குள் எழுத்துகள் இருப்பது காதில் விழ ஆரம்பித்தது. அதிலும் ஒன்று திரும்பத் திரும்ப வரும். டிட் டிட் டிட் டா, டிட் டிட் டிட் டா, டிட் டிட் டிட் டா. அதாவது 'வி வி வி'. அப்புறம் 'டிஇ', அதாவது 'இன்னாரிடமிருந்து'. அப்புறம் நிலையத்தின் அழைப்புக்குறி, சில அதிர்வெண் விவரங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பேருந்து நிலையத்தில் கண்டக்டர் "திண்டிவனம் விழுப்புரம் திருச்சி" என்று ஏறுகிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூவிக்கொண்டே நிற்பார் இல்லையா, அதே வேலைதான். இதோ நான் இருக்கிறேன், இந்த அலைவரிசையில் காது கொடுத்துக் காத்திருக்கிறேன், வேண்டியவன் கூப்பிடலாம். இதை ரேடியோ இயக்குநர்கள் 'வீல்' என்பார்கள். ஆரம்ப காலத்தில் விளிம்பில் மோர்ஸ் வெட்டப்பட்ட ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி இதை அனுப்பியதால் வந்த பெயர், சக்கரம் போன பிறகும் பெயர் போகவில்லை.

கப்பலில் இருக்கும் ரேடியோ ஆபீசர் அந்த வீலைத் தேடிப் பிடிப்பார். எந்த அலைவரிசையில் சத்தமாக வருகிறதோ, அதில்தான் இப்போது வானம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பகலில் 12, 16 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ராத்திரி 4, 6 பக்கம் என்று, சிற்றலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும் மேல்வான அடுக்கான அயனிமண்டலம் நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கும், அதைக் காதாலேயே அளந்துவிட முடிவதுதான் வீலின் உபயோகம். பிறகு கரையைக் கூப்பிடுவார். 'கியூடிசி' என்றால் என்னிடம் தந்தி இருக்கிறது, 'கியூஆர்யூ' என்றால் உனக்கு ஒன்றுமில்லை. ரஷ்யக் கப்பலும் கிரேக்கக் கப்பலும் மதராஸ் ரேடியோவான வி.டபிள்யூ.எம்.மும் இந்த மூன்றெழுத்துச் சங்கேதங்களை வைத்துக்கொண்டு, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே, வேலையை முடித்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நேரங்களில் கரை நிலையம் ஒரு பட்டியல் வாசிக்கும்: எந்தெந்தக் கப்பலுக்குத் தந்தி வந்து கிடக்கிறது என்று அழைப்புக்குறிகள் மட்டும் வரிசையாக. நடுக்கடலில் மாதக்கணக்கில் கிடக்கிறவன் அந்தப் பட்டியலில் தன் கப்பலின் குறி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குழந்தை பிறந்த செய்தி, வேறு துறைமுகத்துக்குத் திரும்பச் சொல்லும் உத்தரவு, எல்லாம் இதே டிட் டாவில்தான்.

கை ஒவ்வொருவருக்கும் வேறு. ஒரே சாம்பார்தான், ஆனால் கைப்பக்குவம் வேறு என்போமே, அது மாதிரி ஒருவர் டாவைக் கொஞ்சம் இழுப்பார், ஒருவர் இரண்டு எழுத்துக்கு நடுவில் மூச்சு விடுவார். பழகியவர்கள் பெயர் வருவதற்கு முன்பே யார் என்று சொல்லிவிடுவார்கள். தந்தி அடிக்கும் கருவிக்குக் கீ என்று பெயர், வேகமாக அடிப்பதற்கு 'பக்' என்று ஒரு கீ உண்டு. கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினால் டிட்டுகளைத் தானே அதிர்ந்து கொட்டும், டாக்களை மட்டும் நாம் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஹோரஸ் மார்ட்டின் என்கிற அமெரிக்கர் 1900களின் தொடக்கத்தில் செய்தது, 'வைப்ரோபிளெக்ஸ்' என்ற பெயரில் இன்றும் விற்கிறது. கேட்பவர் பேனாவால் எழுதுவதில்லை. பெரிய எழுத்து மட்டுமே உள்ள தட்டச்சு இயந்திரத்தில், காதில் விழுவதை நேராக விரலுக்கு அனுப்பிவிடுவார், மூளைக்கு வேலையே கிடையாது. நல்ல இயக்குநர் தந்தியை வாங்கிக்கொண்டே காபி குடிப்பார் என்று சொல்வார்கள். எனக்கு இன்றைக்கும் அது வாய்க்கவில்லை, நான் காபியை வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பேச்செல்லாம் ஒரு பக்கம். கடல் மோர்ஸின் உயிர் இருந்தது 500 கிலோஹெர்ட்ஸில், அதிலும் பேசாமல் இருந்த நேரத்தில்.

500 என்பது கூப்பிடுவதற்கும் ஆபத்துக்குமான அலைவரிசை. பழைய கப்பல் ரேடியோ அறைக் கடிகாரம் ஒன்றைப் படத்திலாவது பார்த்திருந்தால், முகத்தில் இரண்டு சிவப்புத் துண்டுகள் கேக் வெட்டினது போலத் தெரியும். 15லிருந்து 18வது நிமிடம் வரை ஒன்று, 45லிருந்து 48 வரை ஒன்று. முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கும்வரை யாரும் 500இல் கீயைத் தொடக்கூடாது. உலகத்தில் உள்ள அத்தனை கப்பலும் அத்தனை கரை நிலையமும் மணிக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று நிமிடம், வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எங்கோ ஒருவன் நனைந்த பேட்டரியில் முக்கி முனகி எஸ்.ஓ.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் இரைச்சலில் அது அமுங்கிப் போகக்கூடாது. (இரண்டு பச்சைத் துண்டுகளும் இருக்கும், அது 2182 கிலோஹெர்ட்ஸில் குரலில் பேசுகிறவர்களுக்கு.) அதே கடிகாரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகளும் உண்டு. நான்கு விநாடிக் கோடு, ஒரு விநாடி இடைவெளி, ஒரு நிமிடத்துக்கு மொத்தம் 12. விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கோடுகளின் நீளத்துக்குக் கீயை அழுத்தினால், சுற்றியிருக்கும் கப்பல்களில் ஆபீசர் தூங்கிக்கொண்டிருந்தாலும் தானியங்கிக் கருவி அந்த நீண்ட டாக்களை அடையாளம் கண்டு மணியடித்து எழுப்பிவிடும். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசர் ஒரே ஒருவர்தான். எட்டு மணி நேரம் அவர் காது, மீதிப் பதினாறு மணி நேரம் இந்தக் கருவியின் காது.

இத்தனை கெடுபிடி எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்குக்கு அருகிலேயே கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிக்கு நடுவில் நின்றிருந்தது. அதன் ஒரே இயக்குநர் சிரில் எவன்ஸ் பனியைப் பற்றி எச்சரிக்கப் போய், வேலையாக இருக்கிறேன் வாயை மூடு என்று டைட்டானிக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். சில நிமிடங்களில் மோதல். தொலைவிலிருந்த கார்பேதியாவின் இயக்குநர் ஹரால்ட் காட்டம் படுக்கப் போகிற நேரத்திலும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்ததால் 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். இரண்டு பேரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரிக் கருவி, ஒருவர் காதில் மாட்டியிருந்தார், ஒருவர் கழற்றிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். டைட்டானிக்கின் ஜாக் ஃபிலிப்ஸ் முதலில் அனுப்பியது பழைய ஆபத்துக்குறியான சி.கியூ.டி., அப்புறம்தான் 1906இல் பெர்லினில் ஒப்புக்கொள்ளப்பட்ட எஸ்.ஓ.எஸ். அது எந்த வாக்கியத்தின் சுருக்கமும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று டிட், மூன்று டா, மூன்று டிட், நடுவில் இடைவெளியே இல்லாமல், தூக்கத்தில் கேட்டாலும் தவறாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது.

நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் எம்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல், "அவன் பெரிய எம்டன்டா" என்று தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அந்த எம்டன் எப்படி மாட்டியது? நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் இருந்த கேபிள், வயர்லெஸ் நிலையத்தை உடைக்க ஏறக்குறைய 50 பேரைக் கரையிறக்கியது. அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே நிலையத்தில் இருந்தவர்கள், தெரியாத கப்பல் ஒன்று வாசலில் நிற்கிறது என்று மோர்ஸில் அடித்து, உதவியும் கேட்டுவிட்டார்கள். எம்டன் தன் டிரான்ஸ்மிட்டரால் அதை மறைக்கப் பார்த்தது, முடியவில்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கூட்டம் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது எம்டனுக்குத் தெரியாது. அதில் காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் திரும்பி வந்து அடித்து, எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் போய் ஏறியது. பெரிய எம்டனாக இருந்தாலும் ஒருவன் கீ தட்டி, இன்னொருவன் கேட்டுக்கொண்டிருந்தால் தப்பிக்க முடியாது.

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்த ஒன்று ஏன் போனது? மோர்ஸுக்கு வயசாகிவிட்டது, செயற்கைக்கோள் வந்துவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான். செயற்கைக்கோள் வசதி கப்பல்களுக்கு 1970களின் கடைசியிலேயே வந்துவிட்டது, மோர்ஸ் அதற்குப் பிறகும் இருபது வருடம் ஓடியது. என் கணிப்பில் மோர்ஸைக் கொன்றது சம்பளப் பட்டியல். 1,600 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. அவருக்குச் சம்பளம், அறை, சாப்பாடு. ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்கிற புதிய ஆபத்துத் தொடர்பு முறை வந்தபோது அதற்குத் தனி ஆள் தேவைப்படவில்லை. கப்பல் மேல்தளத்தில் இருக்கும் அதிகாரியே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கருவி தானே இடத்தையும் பெயரையும் அனுப்பிவிடும். 1992இல் தொடங்கி 1999 பிப்ரவரி 1இல் முழுதாக அமலுக்கு வந்தது. நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன், மிதந்தாலே கூவ ஆரம்பிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் மிதவைகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் கைதவறி அழுத்திய பொய் எச்சரிக்கைகள் அந்த முறையின் தீராத தலைவலி என்பதும் உண்மை. மோர்ஸில் கைதவறி எஸ்.ஓ.எஸ். அனுப்ப முடியாது.

ஒவ்வொரு நாடாக மூட்டை கட்டியது. பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31இல், "அனைவருக்கும். எங்கள் நிரந்தர மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல்" என்ற பொருளில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் இல்லையா, போகும்போதும் கவிதை. ஜெர்மனியின் நோர்டைக் ரேடியோ 1998இல், இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் ரேடியோ 2000இல் மூடின. பெரும்பாலான நிலையங்களில் நடந்தது ஒன்றுதான்: கருவிகள் பழைய இரும்புக்குப் போயின, ஆன்டெனாக் கம்பங்கள் சாய்க்கப்பட்டன, நிலம் விற்கப்பட்டது.

கலிஃபோர்னியாவில் மட்டும் கதை வேறு மாதிரி திரும்பியது.

கே.பி.எச். சான்ஃபிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில் பிறந்த நிலையம், ஆங்கிலத்தில் அந்த ஹோட்டலின் முதலெழுத்துகள்தான் பி, எச். 1906 ஏப்ரல் 18 பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் ஹோட்டல் எரிந்து போனது, நிலையம் இடம் மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்குக் 'கே' ஒதுக்கப்பட்டபோது முன்னால் ஒரு 'கே' சேர்ந்தது. போலினாஸ் என்ற கடலோர ஊரில் மார்க்கோனி கம்பெனி ஹவாயோடு பேசுவதற்காக 1914இல் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் நிலையம் கட்டியிருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ கம்பெனியின் கைக்கு எல்லாம் போனது. அவர்கள் பாயின்ட் ரேயஸில் ரிசீவர்களுக்குத் தனிக் கட்டடம் கட்டினார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கே.பி.எச். இயக்குநர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்.

ஏன் இரண்டு இடம்? பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரர் கிசுகிசுப்பது கேட்குமா? அதே கதைதான். ஆயிரக்கணக்கான வாட்டில் கத்தும் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலிருந்தால், பசிபிக்கின் மறுகரையிலிருந்து வரும் மெலிந்த சமிக்ஞை ரிசீவரில் ஏறாது. அதனால் வாய் ஓரிடம், காது ஓரிடம். பாயின்ட் ரேயஸில் கீயைத் தட்டினால் தொலைபேசிக் கம்பி வழியாகப் போலினாஸில் டிரான்ஸ்மிட்டர் பேசும். கட்டடத்துக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் வளர்ந்து மேலே கைகோத்துக்கொண்டு குகை மாதிரி ஆகிவிட்டன. அதைப் படமெடுக்கத்தான் இப்போது சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள், பலர் மரத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

1997இல் குளோப் வயர்லெஸ் என்ற கம்பெனி கே.பி.எச்.சை வாங்கி, ஜூன் 30இல் பாயின்ட் ரேயஸ் இயக்கம் நின்றது. அமெரிக்காவின் கடைசி வணிக மோர்ஸ் செய்திகள் 1999 ஜூலை 12இல் அதே கம்பெனியின் கே.எஃப்.எஸ். நிலையத்திலிருந்து போயின. முடிவில் அடித்தது, 1844இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய அதே விவிலிய வரி, எண்ணாகமத்தில் வருவது: தேவன் என்னென்ன செய்தார். அன்றைக்கு அங்கே கூடியிருந்த பழைய இயக்குநர்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

கே.பி.எச். மட்டும் பிழைத்ததற்கு ஒரு தற்செயல் காரணம், கட்டடங்கள் இருந்த நிலம் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் வசம் வந்திருந்தது. விற்க முடியாது, இடிக்க அவசரமும் இல்லை. ரேடியோ பைத்தியம் பிடித்த இரண்டு பேர் 1999இல் உள்ளே போய்ப் பார்த்தபோது ஆட்கள் டீ குடிக்க எழுந்து போனது மாதிரி எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. ரிசீவர்கள், தட்டச்சு இயந்திரங்கள், சிவப்புத் துண்டு போட்ட கடிகாரம். அவர்கள் ஆரம்பித்ததுதான் மேரிடைம் ரேடியோ ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்கிற சங்கம். பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, உள்ளே தூசி தட்ட ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கயிறு கட்டி, "தொடாதீர்" பலகை வைத்து, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து ஒரு காட்சிச்சாலை ஆக்கியிருக்கலாம். அதுதான் சுலபம், செலவும் குறைவு. அவர்கள் நிலையத்தை ஓட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 1940களிலும் 1950களிலும் செய்த டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார்கள். அதற்கு வேண்டிய பெரிய ரேடியோ வால்வுகளைக் கடையில் போய்க் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், எங்கெங்கோ கிடப்பதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டும். பசிபிக்கின் உப்புக் காற்று ஆன்டெனாக் கம்பியையும் கம்பத்தையும் தின்றுகொண்டே இருக்கும், ஒன்றைச் சரிசெய்தால் ஒன்று அறுந்து விழும். என் மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பியைத் தாங்கவே ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் படும் பாடு எனக்குத் தெரியும், கம்பி ஒருமுறை அறுந்து கீழே காயப்போட்ட வடகத்தின் மேல் விழுந்த கதையை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கே.பி.எச். முன்பு இருந்த அதே வணிக அலைவரிசைகளில், 426 கிலோஹெர்ட்ஸ், 500, 12,808.5 என்று, மறுபடி ஒலிக்க வைத்தார்கள். அது போதாதென்று கே.எஸ்.எம். என்ற அழைப்புக்குறியில் தங்கள் பெயரிலேயே ஒரு வணிகக் கரையோர நிலைய உரிமம் வாங்கினார்கள். மோர்ஸ் போய்விட்டது என்று உலகமே கடையைச் சாத்திய பிறகு ஒருவர் புதிதாகக் கடை உரிமம் கேட்டு வரிசையில் நிற்பதை அந்த அலுவலக குமாஸ்தா எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். ஹாம்கள் பதில் பேசுவதற்கென்று கே6கேபிஎச் என்று தனியாக ஒன்றும் உண்டு. சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள். காலைச் சாப்பாட்டோடு தொடங்கும் அந்தக் கூட்டத்துக்கு அவர்களே கிண்டலாக வைத்துக்கொண்ட பெயர் 'தொடரலைத் திருச்சபை' (மோர்ஸ் ஏறிப்போகும் அலைக்குத் தொடரலை என்று பெயர்). சாப்பிட்டு முடித்து வீலைச் சுழல விடுவார்கள், கடல் வானிலை அனுப்புவார்கள், செய்தி அனுப்புவார்கள். கேட்க எந்தக் கப்பல் இருக்கிறது என்று கேட்டால், சான்ஃபிரான்சிஸ்கோவில் நிற்கும் ஜெரமையா ஓ'பிரையன் என்கிற இரண்டாம் உலகப் போர்க் காலச் சரக்குக் கப்பல் உண்டு. அதன் ரேடியோ அறையையும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். கே.எக்ஸ்.சி.எச். என்று அது கூப்பிட்டால் கே.பி.எச். முறைப்படி பதில் சொல்லும்.

விளையாட்டு வீடு கட்டிச் சோறு பொங்குகிற கதை இது என்று சிலர் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், கண்ணாடிக்குள் இருக்கும் கீயைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அது ஒரு பித்தளைத் துண்டு. வீணையைப் பூட்டி வைத்து, இதில்தான் வாசிப்பார்கள் என்று எழுதி வைப்பது போல. எந்த அலைவரிசை எந்த நேரத்தில் திறக்கும், இரண்டு நிலையம் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது நமக்கு வேண்டியதை மட்டும் காது எப்படிப் பிரித்தெடுக்கும், டிரான்ஸ்மிட்டர் இசைந்துவிட்டதா என்று அதன் உறுமலை வைத்தே எப்படிச் சொல்வது, எப்போது பேசாமல் இருக்க வேண்டும், இதெல்லாம் ஆளிடம்தான் இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கற்றால்தான் அடுத்தவருக்குப் போகும். பாயின்ட் ரேயஸில் அது நடந்தது, ஏனென்றால் கே.பி.எச்.சில் சம்பளத்துக்கு வேலை செய்த பழைய இயக்குநர்களே திரும்பி வந்து தங்கள் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கப்பலைப் பார்த்தே இராத இளைஞர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பழையவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மோர்ஸில் பேச்சை முடிக்கும்போது 'எஸ்கே' என்று ஒரு குறி உண்டு. டிட் டிட் டிட் டா டிட் டா. இறந்தவரையும் ரேடியோக்காரர்கள் எஸ்கே என்பார்கள், அவருடைய கீ அமைதியாகிவிட்டது என்று பொருள். ஆண்டுதோறும் அந்தப் பெயர்களையும் காற்றில் அனுப்புகிறார்கள்.

வேறு சிலரும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் கிரிமெட்டனில் 1920களில் கட்டிய எஸ்.ஏ.கியூ. நிலையத்தில் வால்வே கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது, ஒரு பெரிய சுழலும் இயந்திரம் 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை நேரடியாக உண்டாக்குகிறது, ஆறு கோபுரம், ஒவ்வொன்றும் 127 மீட்டர். கப்பலுக்காகக் கட்டியதல்ல, அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்ப. 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையிலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சாத்தமில் டபிள்யூ.சி.சி. நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் பக்கம் தந்தியே 2013 ஜூலை 14இல் முடிந்தது. கடைசி நாள் ஞாபகத்துக்கு அனுப்ப வந்தவர்கள் வரிசையைப் பார்த்தால் இத்தனை பேர் முன்பே வந்திருந்தால் மூடியிருக்கவே வேண்டாமே என்று தோன்றியது. அதற்குள் அது மோர்ஸை விட்டுக் கணினிக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது வேறு விஷயம். குளிரில் பல் மட்டும்தான் இன்னும் தமிழில் தந்தி அடிக்கிறது. ஹாம் பொது உரிமத் தேர்வில் நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் கேட்கிறார்கள் என்பதால், அமெரிக்கா 2007இல் எடுத்துவிட்ட ஒன்று இங்கே தேர்வுக்காகவாவது மிஞ்சியிருக்கிறது. 500 கிலோஹெர்ட்ஸும் முழுதாகச் சும்மா கிடக்கவில்லை, கப்பல்களுக்கு எண்ணியல் தகவல் அனுப்ப அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கடைசி வணிக மோர்ஸ் போன நாளிலிருந்து சரியாக ஒரு வருடமும் ஒரு நிமிடமும் கழித்து, கே.பி.எச். மறுபடி காற்றில் ஏறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலை 12ஆம் தேதியும் 'இரவுகளின் இரவு' என்று நடத்துகிறார்கள். சர்வதேச நேரப்படி 13ஆம் தேதி 00:01க்குத் தொடங்கும். கலிஃபோர்னியாவில் அப்போது சாயங்காலம் 5:01, நமக்கு விடிகாலை 5:31. பாயின்ட் ரேயஸிலேயே இணையம் வழியாகக் கேட்கும்படி ரிசீவர்கள் வைத்திருக்கிறார்கள், போனிலேயே தெளிவாகக் கேட்டுவிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்கள் வாய் பேசுவதை அவர்கள் காதாலேயே கேட்பதில் என்ன இருக்கிறது?

அதனால் வருடா வருடம் அன்றைக்கு 5 மணிக்கே எழுந்துவிடுவேன். எங்கள் தெருவில் எல்.ஈ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் என்று ஒவ்வொன்றும் சிற்றலையில் குப்பை கொட்டுகிறது, அந்த நேரத்தில்தான் கொஞ்சம் அடங்கியிருக்கும். இரண்டு வருடம் ஒன்றுமே கேட்கவில்லை. போன முறை 12,808.5இல் வைத்து, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் வெறும் இரைச்சல். அப்புறம் அதன் அடியில், இருக்கிறதா நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகப்படும்படி ஒரு விசில். டா டிட் டா. கே. டிட் டா டா டிட். பி. எச் வருவதற்குள் பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் போட்டுவிட்டார்கள்.